கார் ஆரின்ரை பேரிலை?

முதல் நாளே எனக்கு ஏச்சு விழுந்தது. இத்தாலியில், பலேர்மோ துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கந்தோர். கார்களுக்கு நம்பர் எடுத்துக் கொடுப்பது, பெயர் மாற்றிக் கொடுப்பதுதான் அங்கே வேலை. நான் போனது துப்புரவுக்கு. மேசையைத் துடைக்கும்போது மேலே பரவிக் கிடந்த கடதாசிகளை ஒன்றாக அடுக்கி ஓரத்தில் வைத்தேன். முதலாளி சால்வோ வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"சிஞ்ஞோரா, நாலு பேரின்ரை கார் இப்ப ஒரு காராப் போச்சு!"

அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் அந்தக் கந்தோரில் என் கையால் ஒரு கடதாசியும் இடம் மாறவில்லை. எந்த முத்திரை எந்த இடத்துக்குரியது, எந்த நிறம் எதற்கு, எது விற்ற கடதாசி, எது காரின் புத்தகம் என்று வாசலில் நின்றே சொல்லுவேன். காரின் புத்தகத்தை இங்கே லிப்ரெத்தோ என்பார்கள். இப்போது அரசாங்கம் அதற்கு வேறு பெயர் வைத்துவிட்டது. நாங்கள் பழைய பெயரையே சொல்கிறோம்.

எங்கள் ஆட்கள் கார் வாங்கினாலும் விற்றாலும் முதலில் என்னிடம்தான் வருவார்கள். பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் இறங்கும்போதே பிடித்துவிடுவார்கள். "திரேசாக்கா, இதை ஒருக்காப் பாருங்கோ." நான் பார்ப்பேன். எது குறை என்று சொல்லுவேன். சால்வோவிடம் கூட்டிக்கொண்டு போய்க் கதைத்துக் கொடுப்பேன். சும்மா சொல்லவில்லை, துறைமுகத்தடியில் என்னைத் தெரியாத தமிழ்க் கார் கிடையாது.

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினவள். தமிழ் எழுத்துக்கூட்டி எழுதுவேன். இத்தாலி எழுத்தில் ஒரு பெயர் என்றால் வாசிப்பேன், அதுவும் ஆறுதலாக. இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. ஒருவரும் கேட்டதுமில்லை. யாராவது நீளமான கடதாசியை நீட்டினால், "கண்ணாடியை வீட்டிலை விட்டிட்டன்" என்பேன். அது போதுமாக இருந்தது.

இப்போது வேலையை விட்டாயிற்று. ஜேர்மனி, பிரான்ஸ் நம்பர்க் காரோடு இங்கே குடிவருகிறவர்கள் கூடிவிட்டார்கள், நடந்ததை எழுதித் தாருங்கள் என்று தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகள் தங்கள் ஆண்டு மலருக்காகக் கேட்டார்கள். வசந்திக்கு நடந்ததை எழுதுகிறேன். எனக்கு நடந்ததும் அதுதான்.

மஞ்சள் பூசிய கடதாசி

வசந்தி யாழ்ப்பாணத்துப் பிள்ளை. சின்ன வயதில் சில வருஷம் பலேர்மோவில் வேலை செய்தவள், பாஷை தெரியும். பிறகு ஜேர்மனிக்குப் போய்ப் பதினொரு வருஷம் முதியோர் இல்லத்தில் வேலை. கலியாணம் சரிவரவில்லை. தமையன் வீட்டு மேல்மாடியில் இருந்தாள். ஒரு நாள் காரில் சாமானை ஏற்றிக்கொண்டு, தனியாக ஜெனோவா வரைக்கும் ஓடி, அங்கே கப்பலில் காரை ஏற்றி, இங்கே வந்து இறங்கிவிட்டாள். ஒரு பொம்பிளை தனியாக அவ்வளவு தூரம். எனக்கு அதிலேயே அவளைப் பிடித்துவிட்டது.

வந்த காரணம் வேலை. வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்துப் பார்க்கிற ஒரு சங்கத்தில் அவளை எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். நிரந்தர வேலை, கையெழுத்து வைத்த வேலை. ஆனால் ஒரு நிபந்தனை. மலைப்பக்கத்து வீடுகளுக்கு பஸ் ஒழுங்காகப் போகாது. சொந்தக் கார் வேண்டும். இத்தாலி நம்பரும் இத்தாலி இன்சூரன்சும் எடுத்து, இரண்டின் கொப்பியையும் முதலாம் திகதி காலை கொண்டுவந்து கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்து நிற்கிற ஆளுக்கு வேலை போகும்.

அதோடு சட்டமும் இருக்கிறது. இங்கே குடியிருப்பைப் பதிவு செய்தால், பதிந்த நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் வெளிநாட்டு நம்பரை மாற்றவேண்டும். மாற்றாமல் ஓடினால் பொலிஸ் காரையே இழுத்துக்கொண்டு போய்விடும். வசந்தி என்னிடம் வரும்போது அந்த மூன்று மாதத்தில் நாற்பது நாள் மிச்சம். அதுவும் மாதக் கடைசியோடுதான் முடிகிறது.

போர்கோ வெக்கியோவில் என் வீட்டுக் குசினி மேசையில் கடதாசிகளைப் பரப்பினாள். ஜேர்மன் கடதாசி இரண்டு. சின்னது காரில் வைத்திருப்பது. பெரியது வீட்டில் பூட்டி வைப்பது. பெரியதின் நாலு மூலையிலும் மஞ்சள், நடுவில் மெல்லிய குங்குமக் கறை.

"இதென்ன பிள்ளை, கடதாசிக்கும் பொட்டு வைச்சிருக்கிறாய்?"

"கார் எடுத்த அண்டைக்குக் கோயிலுக்குக் கொண்டுபோனது அக்கா. ஐயர் மூலையளிலை மஞ்சள் பூசித் தந்தவர்."

நான் வேதக்காரி. என்றாலும் கந்தோருக்குப் போகிற கடதாசியை மாதா படத்துக்கு முன்னால் ஒரு இரவு வைத்து எடுக்கிற ஆள். சிரிக்க எனக்கு வாய் இல்லை.

பெரிய கடதாசியில்தான் சொந்தக்காரரின் பெயர் இருக்கும். விரலை வைத்து எழுத்துக்கூட்டினேன். அவர்களுடைய எழுத்தில் பதினொரு எழுத்து. செல்லத்துரை. வசந்தியின் பாஸ்போட்டிலும் அதே செல்லத்துரைதான். எங்கள் ஆட்களுக்கு அங்கே தகப்பன் பெயர்தானே குடும்பப் பெயராகிறது. பதினொரு எழுத்தையும் தாண்டி வந்த களைப்பில் அடுத்த வரியை நான் வாசிக்கவில்லை.

"உன்ரை கார்தானே?" என்று மட்டும் கேட்டேன்.

"வேறை ஆரின்ரை? ஏழு வருஷமா நான்தானே காசு கட்டினனான், நான்தானே ஓடுறன்."

"அப்ப சரி. எல்லாம் இருக்கு. கார்க் கொம்பனியின்ரை சான்றிதழ் ஒண்டுதான் குறை. அதுக்கு எழுதிப் போடுவம்."

"உங்கடை முதலாளிக்கும் ஒருக்காக் காட்டுவமோ?"

"பத்தொன்பது வருஷம் பிள்ளை. நான் பாத்தால் அவர் பாத்த மாதிரி."

இப்படித்தான் சொன்னேன்.

இரண்டாவது வரி

சான்றிதழ் வர இருபத்துநாலு நாள் எடுத்தது. பதினாறு நாள் மிச்சம். சால்வோ சொன்னால் ஒரு கிழமையில் முடித்துத் தருவார் என்று எனக்குத் தெரியும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவளைக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

சால்வோ பெரிய கடதாசியை எடுத்தார். மூலையைப் பார்த்தார். மணந்து பார்த்தார்.

"சாப்பாட்டு மேசையிலை வைச்சு எடுத்ததோ?"

"சாமிக்கு வைச்சது" என்றேன்.

"நல்லது. சாமியும் வேணும்" என்று கண்ணாடியை இறக்கி வாசித்தார். பிறகு வசந்தியைப் பார்த்தார். "சொந்தக்காரர் எங்கை?"

"உங்களுக்கு முன்னாலைதானே நிக்கிறா" என்றேன்.

"இல்லை சிஞ்ஞோரா தெரேசா. இதிலை இருக்கிறது ஒரு ஆம்பிளை. சிவகுமார் செல்லத்துரை."

அவருடைய விரல் இரண்டாவது வரியில் நின்றது.

வசந்தி சாதாரணமாகத்தான் சொன்னாள். "அது அண்ணை. கார் அண்ணையின்ரை பேரிலை எடுத்தது. இடிபடாமல் ஓடின வருஷம் அவருக்குக் கூட, அதாலை இன்சூரன்ஸ் குறையும். எல்லாரும் அப்பிடித்தானே செய்யிறவை?"

எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். இங்கேயும் செய்கிறார்கள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அது அவளுடைய கார்தான்.

சால்வோ விளக்கினார். தமையன் காரை அவளுக்கு விற்றதாக எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். கையெழுத்து வைத்த அந்தக் கடதாசியே கைக்கு வரவேண்டும், போனில் எடுத்த படம் சரிவராது. அதோடு அவருடைய அடையாள அட்டையின் கொப்பி. அவை வந்தால்தான் இவர் தொடங்கலாம்.

"நாளைக்கே கையெழுத்து வைச்சால் நேரம் காணும். ஆனா இதை மூண்டு கிழமைக்கு முன்னமே கொண்டுவந்திருக்கலாமே? சான்றிதழ் வரமுதலே கேட்டிருப்பம்."

வசந்தி என்னைப் பார்த்தாள். நான் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். காலமை துடைத்த நிலத்தையே திரும்பத் துடைத்தேன்.

மீன்காரன்

வசந்தி அன்றைக்கே தமையனுக்குப் போன் எடுத்தாள். அவர் எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. மெசேஜ் போட்டாள். பார்த்த அடையாளம் விழுந்தது, பதில் இல்லை. மூன்றாம் நாள் ஒரு வரி வந்தது: "காரைக் கொண்டுவந்து என்ரை வாசல்லை விடு."

அந்தக் கிழமை எனக்கும் வசந்திக்கும் இருப்புக்கொள்ளவில்லை. அவள் ஒரேத்தோப் பக்கம் ஒரு சிநேகிதி வீட்டில் இருந்தாள். காரைத் தெருவில் விட்டால் ஜேர்மன் நம்பர் கண்ணில் படும் என்று ஒரு சுவரோரமாக நிறுத்திவிட்டு, அரை மணிக்கொருக்கால் யன்னலால் எட்டிப் பார்த்தாள். எடுக்கவேண்டி வந்தால் பெரிய தெருவால் வரமாட்டாள், ஒழுங்கை ஒழுங்கையாகச் சுற்றுவாள். இன்னும் நாள் இருக்கு, இப்ப பொலிஸ் ஒண்டும் செய்ய ஏலாது என்று நான் சொன்னாலும் கேட்கமாட்டாள். எனக்கும் லேசில்லை. கார் இழுக்கிற லொறி கந்தோர் வாசலால் போனால் விளக்குமாற்றோடு வெளியில் ஓடிப் பார்ப்பேன். அந்தக் கிழமை தெற்கால் சூட்டுக் காற்று அடித்தது. கதவுகள் தன்பாட்டில் அடிபடும், நான் ஒவ்வொன்றுக்கும் திடுக்கிடுவேன். சங்கத்தில் இருந்து, கடதாசி ஆயத்தமோ என்று கேட்டும் விட்டார்கள். மிச்சமிருந்த பதினாறு நாள் ஒன்பதானது.

நான் தமையனின் போன் நம்பரை வாங்கி, வீட்டில் தனியாக இருந்து அவருக்கு எடுத்தேன். தெரியாத நம்பர் என்றபடியால் எடுத்துவிட்டார்.

"தம்பி, நான் பலேர்மோவிலை இருந்து திரேசம்மா கதைக்கிறன். வசந்தியின்ரை கார் விசயமா…"

"வசந்தியின்ரை காரோ? அது என்ரை கார், அம்மா."

"ஓம், பேர் உங்கடைதான். அதுதான் ஒரு கையெழுத்து…"

"நீங்களோ அவவுக்கு அங்கை எல்லாம் செய்து குடுக்கிறனீங்கள்? அப்ப மீன்காரன்ரை விசயமும் நீங்கள் செய்து குடுத்ததோ?"

"எந்த மீன்காரன்?"

அவர் சிரித்த சிரிப்பு நல்ல சிரிப்பில்லை. பலேர்மோவில் ஒரு சந்தைக்குள் அவருடைய கார் ஒரு மீன்காரனின் மூன்று சில்லு வண்டியை இடித்ததாம். அவருடைய இன்சூரன்சில் இருந்து வீட்டுக்குக் கடிதம் வந்திருக்கிறது.

"இருபத்தாறு வருஷம் அம்மா. ஒரு கோடு இல்லை. இஞ்சை எங்கடை ஆக்கள் பிள்ளையளுக்குக் கார் பழக்கேக்கை என்னைத்தான் காட்டிச் சொல்லுறவை. இப்ப அது போச்சு. போனால் போகட்டும், அவள் என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். கடிதக்காரன் வந்துதான் எனக்குச் சொல்லவேணுமோ?"

போனை வைத்துவிட்டார்.

அந்தச் சந்தை என் வீட்டுக்கு முன்னால் இருக்கிற சந்தை. வசந்தியை உடனே வரச்சொன்னேன்.

"என்ரை தெருவிலை மீன்காரனை இடிச்சுப்போட்டு எனக்கே சொல்லேல்லையோ நீ?"

அவள் கதிரையில் இருந்துவிட்டாள். "வந்த புதுசிலை அக்கா. பின்னுக்கு எடுக்கேக்கை தட்டுப்பட்டது. ஐஸ் பெட்டி விழுந்து மீனெல்லாம் நிலத்திலை. அந்தாள் கத்தின கத்திலை சந்தை முழுக்கக் கூடிட்டுது. இடிபட்டதை எழுதுற நீலத் தாளை நீட்டிச்சினம், கையெழுத்து வைச்சன். சின்னக் கீறல்தானே, ஜேர்மனி வரைக்கும் போகாதெண்டு நினைச்சன்."

"அண்ணைக்குச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் என்ன சொல்லுவார் தெரியுமோ? தனியப் போகாதை, உனக்கு ஏலாதெண்டு நான் அப்பவே சொன்னனான் எண்டுவார். அந்தச் சொல்லைக் கேக்காமல் இருக்கத்தான் நான் இவ்வளவு தூரம் ஓடி வந்தது."

ஏச வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். அவள் மறைத்தது ஒரு கீறல். நான் மறைத்தது என்ன என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும், கந்தோரில் அன்றைக்குப் பார்த்த பார்வையில் இருந்தது.

ஸ்பீக்கர் போட்டுக் கதைத்தது

"முதல் நான் கதைக்கிறன். பிறகு நீ" என்று அவளைப் பக்கத்தில் இருத்தி, ஸ்பீக்கரைப் போட்டேன். தமையன் எடுத்தார்.

"தம்பி, வைச்சிடாதையுங்கோ. மீன்காரனுக்காக எடுக்கேல்லை. என்ரை பிழையைச் சொல்ல எடுத்தனான். உங்கடை தங்கச்சி ஒரு மாதத்துக்கு முன்னமே கடதாசியை என்னட்டைக் கொண்டுவந்து காட்டினவ. எனக்கு வாசிக்கத் தெரியாது. உங்கடை அப்பாவின்ரை பேரை மட்டும் எழுத்துக்கூட்டிப்போட்டு, எல்லாம் சரியெண்டு சொல்லிப்போட்டன். முதலாளியிட்டைக் காட்டுவம் எண்டு அவ கேட்டவ, நான்தான் விடேல்லை. அவவின்ரை மூண்டு கிழமையைத் திண்டது நான்."

சொல்லிவிட்டுப் போனை மேசை நடுவுக்குத் தள்ளி வைத்தேன்.

"வாசிக்கத் தெரியாதோ?"

"தெரியாது தம்பி."

"கார்க் கந்தோரிலை வேலை எண்டல்லோ வசந்தி மெசேஜிலை போட்டவள்?"

"துடைக்கிற வேலை. கடதாசியை நிறத்தைப் பாத்து அடுக்குவன்."

அவர் செருமினாரோ சிரித்தாரோ தெரியாது. "அவள் பக்கத்திலை நிக்கிறாளோ?"

"நிக்கிறா."

வசந்தி போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் முழங்கையால் இடித்தேன்.

"அண்ணை. நான்தான் இடிச்சனான். பின்னுக்கு எடுக்கேக்கை. என்ரை பிழைதான்."

"கண்ணாடி பாத்தனியோ?"

"ஒரு பக்கம் பாத்தனான்."

"ஒரு பக்கம்! எத்தினை தரம் சொல்லித் தந்தனான்? மூண்டு கண்ணாடியும் பாத்து, தலையையும் திருப்பிப் பாக்கச் சொன்னனானோ இல்லையோ?"

"நீங்கள் சொல்லித் தந்தது ஜேர்மன் றோட்டுக்கு. இந்தச் சந்தைக்குள்ளை வந்து நீங்கள் ஒருக்காப் பின்னுக்கு எடுத்துக் காட்டுங்கோ பாப்பம்!"

"எடுப்பன்!"

"மீன்காரனுக்கு முன்னாலை?"

"அவனை ஏத்திக்கொண்டே எடுப்பன்!"

கால் மணித்தியாலம் இரண்டு பேரும் சண்டை. நான் எழும்பித் தேத்தண்ணி போட்டேன். நடுவில் அவர் திடீரென்று கேட்டார்: "அடையாள அட்டையின்ரை கொப்பி இரண்டு பக்கமும் வேணுமோ?"

அடுத்த நாள் நான் சால்வோவிடமும் சொன்னேன். எனக்கு வாசிக்கத் தெரியாது, அதால்தான் பிந்தியது என்று. அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"தெரியும் சிஞ்ஞோரா."

"எப்ப இருந்து?"

"நீங்கள் வந்த இரண்டாம் கிழமை. கண்ணாடியை வீட்டிலை விட்டிட்டன் எண்டனீங்கள். கண்ணாடி உங்கடை நெத்தியிலை இருந்தது."

"பிறகேன் சொல்லேல்லை?"

"நீங்கள் சொல்லேல்லையே."

எனக்கு வந்த கோபம்! பத்தொன்பது வருஷம் தெரிந்துகொண்டு பேசாமல் இருந்திருக்கிறார். அது பெரிய மனமோ என்னவோ, எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அவர் ஒரு சொல் கேட்டிருந்தால் நான் எப்போதோ படித்திருப்பேன்.

பதினாலாம் வகுப்பு

கையெழுத்துக் கடதாசி நாலாம் நாள் வந்தது. ஐந்து நாள் மிச்சம், அதில் ஒரு ஞாயிறு. சால்வோ மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு இதைப் பார்த்தார். மாதக் கடைசி நாள் மத்தியானம் புது நம்பர்த் தகடு வந்தது. காரைக் கந்தோர் வாசலில் நிறுத்தி, ஜேர்மன் தகட்டைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு, நேரே இன்சூரன்சுக்கு ஓடினோம்.

அங்கே இருந்த பெடியன் நல்லவன்தான். எத்தனை வருஷம் ஓடுகிறீர்கள் என்று கேட்டான்.

"பதினொரு வருஷம்" என்றாள் வசந்தி.

"உங்கடை பேரிலை இருந்த இன்சூரன்ஸ் கடதாசி?"

அது இல்லை. இந்தக் காரும் அதற்கு முந்தினதும் அண்ணன் பெயரில். அப்படியென்றால் பதினாலாம் வகுப்பு என்றான். வகுப்பு கூடக் கூடக் கட்டுகிற காசும் கூடும். நேற்று லைசென்ஸ் எடுத்த பிள்ளையும் அங்கேதான் தொடங்கும். பனியிலும் மழையிலும் விடிய வேலைக்குப் பதினொரு வருஷம் கார் ஓடினவள், கடதாசியில் ஒரு நாளும் ஓடவில்லை. குறைந்த காசுக்கென்று செய்தது, அவளுடைய வருஷங்களைத் தமையனின் கணக்கில் போட்டுவிட்டது. இப்போது அங்கே அவருக்கும் இல்லை, இங்கே இவளுக்கும் இல்லை.

நான் அவனோடு வாதாடப் போனேன். வசந்தி என் கையைப் பிடித்தாள்.

"விடுங்கோ அக்கா. பதினாலெண்டு எழுதட்டும். என்ரை பேரிலை எழுதுறாங்கள்தானே."

முதலாம் திகதி காலை எட்டு மணிக்குச் சங்கத்து வாசலில் நின்றோம். நானும் போனேன். ஏதாவது குறை சொன்னால் கதைக்க ஆள் வேண்டுமே. இரவு முழுக்க என்னென்ன கேட்பார்கள், என்னென்ன சொல்லுவது என்று யோசித்து வைத்திருந்தேன். பொறுப்பான சிஞ்ஞோரா கொப்பிகளை வாங்கினா. திறந்து பார்க்கவில்லை. லாச்சியில் போட்டு மூடினா. ஒரு தாளை நீட்டினா.

"முதல் வீடு எட்டரைக்கு. மேலை, மலைப்பக்கம். மூண்டாம் மாடி, லிப்ட் இல்லை. ஓடு."

வசந்தி ஓடினாள். என்னை வீட்டில் இறக்கிவிடுகிறேன் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தவள், அந்த நினைவே இல்லாமல் காரை எடுத்துக்கொண்டு பெரிய தெருவால் நேரே போய்விட்டாள். நான் பஸ் தரிப்புக்கு நடந்தேன். ஏச ஒருவரும் இல்லை, ஏசவும் மனமில்லை.

இனிக் குடிவருகிறவர்களுக்குச் சொல்லவேண்டியது இதுதான். கார் ஓடுகிறவர் பேரிலேயே இருக்கட்டும். காசு கூடினாலும் ஓடுகிற வருஷம் உங்கள் பேரில் ஏறும். மூன்று மாதத்தைக் கப்பல் இறங்கிய நாளில் இருந்து எண்ணாதையுங்கோ, குடிபதிந்த நாளில் இருந்து எண்ணுங்கோ. எங்கேயாவது இடித்தால் அன்றைக்கே சொல்லுங்கோ.

இப்போதும் ஆட்கள் என் வீட்டுக்குக் கடதாசியோடு வருகிறார்கள். நான் அதை வாங்கக் கை நீட்டுவதில்லை. "எனக்கு வாசிக்க ஏலாது, நீ வாசி, நான் கேக்கிறன்" என்பேன். முதல் தரம் சொன்னபோது வாய் கூசியது. இப்போது கூசுவதில்லை. பாதி வாசித்ததும் அலுத்துப்போய் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

"இவ்வளவு வாசிச்சது காணுமோ அக்கா?"

"காணாது. கடைசி வரி வரைக்கும் வாசி."